காசியில் விட்ட கத்தரிக்காய்

அண்ணை,

வியாழக்கிழமைகளில் கடைக்கு மரக்கறி வரும். இன்றும் வந்தது. பெட்டிகளை வெட்டித் திறந்து பார்ப்பதை இன்னும் நானேதான் செய்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முதுகு வேண்டாம் என்கிறது, ஆனாலும் வாடல் எது, முற்றல் எது என்று பார்க்கிற வேலையை வேறொருவரிடம் கொடுக்க மனம் வருவதில்லை. மூன்றாவது பெட்டியில் கத்தரிக்காய் இருந்தது. நீளக் கத்தரிக்காய், நல்ல ஊதா நிறம், காம்பு இன்னும் காயவில்லை. ஒன்றை எடுத்துக் காம்போரம் நகத்தால் கீறி மூக்கில் வைத்தேன். பச்சைக் கத்தரிக்காய்க்கு வாசம் இல்லை என்பார்கள். உண்டு. அது மூக்கில் ஏறியதும் நீங்கள் என் கடையின் பின்னறைக்குள் வந்து அரிசி மூட்டையின் மேல் குந்தினீர்கள்.

நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. சரக்கின் விலையைச் சொல்வதுபோல நேரே சொல்லிப் பழகியவன். ஆனால் உங்களிடம் ஒன்றை மட்டும் நேரே சொல்ல ஏழு வருடமாக வாய் வரவில்லை. கேட்க ஆள் இல்லாத பிறகு சொல்ல வருகிறேன். இதுவும் ஒரு வியாபாரிப் புத்திதான்.

பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் வெட்டும் மேசையின் இரண்டு பக்கமும் நாங்கள் நின்ற காலம் ஞாபகம் வருகிறது. வெளியே பகலிலும் இருட்டு. உள்ளே குழாய் விளக்கின் கீழே கொட் மீன் வந்துகொண்டே இருக்கும். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். நீங்கள் என்னைவிட மூன்று வயது மூப்பு, ஆனால் படித்தவர். காசியிலே சரித்திரம் படிக்க இடம் கிடைத்த கடிதம் வந்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ஊரில் கலவரம் வந்தது. அந்தக் கடிதத்தோடு நீங்கள் வந்து சேர்ந்தது நோர்வேயின் வடக்கு முனைக்கு. "திசை சரிதான், தூரந்தான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்பீர்கள். அந்தக் கடிதத்தைக் கண்ணாடிப் பையில் போட்டு, விசாப் பேப்பர்களோடு சேர்த்து வைத்திருந்தீர்கள்.

போகாத ஊரை அவ்வளவு தெரிந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. வருணை, அசி என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருப்பதால் வாரணாசி என்பீர்கள். தெற்கே அசியில் தொடங்கிப் படித்துறைகளை வரிசையாய்ச் சொல்லிக்கொண்டு போவீர்கள். உங்கள் கத்தி ஒரு மீனுக்கு ஒரு படித்துறையாக இறங்கும். புத்தர் முதன்முதலில் வாய் திறந்து உபதேசித்தது காசிக்குப் பக்கத்திலேதான் என்பீர்கள். சமணர்களின் தீர்த்தங்கரர் ஒருவர் பிறந்த ஊர் அது. கோயிலை இடித்தார்கள், பிறகு தூரத்து ராணி ஒருத்தி கட்டுவித்தாள். கல்யாணப் பட்டு நெய்கிற நெசவாளி விடியத் தொழுதுவிட்டு வந்துதான் தறியில் குந்துவான். "இடிச்சவன்ரை பேரும் இருக்கு, கட்டினவளின்ரை பேரும் இருக்கு. கும்பிட வந்தவன்ரை பேர்தான் எங்கையும் இல்லை. அவன்தான் காசி" என்று ஒருமுறை சொன்னீர்கள்.

நான் அதற்கு, "அண்ணை, இவ்வளவு காசி கேட்டதுக்கு இந்த மீன் எல்லாத்துக்கும் மோட்சம் கிடைச்சிருக்கும்" என்றேன். மேசை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். ஒருமுறை இல்லை, பலமுறை. "கங்கை முழுக்கக் கிழக்காலை போற ஆறு. காசியிலை மட்டும் வடக்கை திரும்பும், வந்த வழியைத் திரும்பிப் பாக்கிற மாதிரி. அதாலை படிக்கட்டெல்லாம் கிழக்கைப் பாத்தது. எதிர்க்கரையிலை ஒரு வீடில்லை, வெறும் மணல்." என் காதில் அது விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் கேட்கவில்லை. அந்த வேளையில் ஒஸ்லோவிலிருந்து கரையோரக் கப்பலில் என்ன சாமான் ஏற்றினால் இங்கே விற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களைக் கட்டி வந்தவவை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவ வந்த வருடம் நான் முதன்முதலாக இறக்கியது ஒரு பெட்டி கத்தரிக்காய். பாதி உறைந்துபோய் வந்தது. அக்கா ஒன்றையும் எறியவில்லை. நல்லதைப் பொரித்து, பழுதில் கெட்ட பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தேங்காய்ப் பாலில் பாற்கறி வைத்து, மேசையில் நின்ற எங்கள் ஏழு பேருக்கும் சோறு போட்டா. "முதலாளியின்ரை முதல் சரக்கு, ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது" என்று அவதான் எனக்கு அந்தப் பட்டத்தை வைத்தது. நீங்களும் அன்றிலிருந்து என்னை முதலாளி என்றீர்கள். பகிடியாகத் தொடங்கியது. பிறகு நான் ஒஸ்லோவில் கடை போட்டேன், அது உண்மையாகிவிட்டது. நீங்களும் ஒஸ்லோவின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள்.

அக்கா போனபோது நீங்கள் கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தீர்கள். பிள்ளைகள் இல்லை. நான் கடைக்குப் பட்டுச் சேலை எடுக்கக் காசிக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டீர்கள். அஸ்திக் கலசத்தை அக்காவின் பழைய நூல் சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்தீர்கள். கொண்டுபோவதற்கான அரசாங்கப் பேப்பரும் பக்கத்தில் இருந்தது.

"கேதார கட்டத்துப் படித்துறைக்குப் போம். எங்கடை பக்கத்து ஆக்கள் போற இடம். தமிழ் கதைக்கிற ஐயர் இருப்பார். முழங்கால் அளவு தண்ணியிலை இறங்கினால் போதும்."

"ஓம் அண்ணை."

"அவவுக்குத் தண்ணி எண்டால் பயம். மெல்ல விடும்."

நான் ஓமென்று தலையாட்டினேன். தலையாட்டும்போது உண்மையாகத்தான் ஆட்டினேன், அதை மட்டும் நம்புங்கள்.

காசியில் எனக்கு இரண்டரை நாள் இருந்தது. இரண்டு நாளும் நெசவாளர் தெருக்களிலேயே கழிந்தது. சந்துக்குள் சந்து, அதற்குள் தறிச் சத்தம், மாடியில் வெள்ளை விரிப்பின் மேல் சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வீசுவார்கள். ஒரு வீட்டில் நல்ல சரக்கு இருந்தது. லண்டன் கடைக்காரர் ஒருவரும் அதையே கண் வைத்திருந்தார். அவர் எழும்பிப் போகும்வரை நான் எழும்பவில்லை. நீங்கள் சொன்ன நெசவாளியை நான் பார்த்தேன், அண்ணை. தொழுகைக்கு எழும்பிப் போய்விட்டு வந்து, கல்யாணச் சேலையின் தலைப்பில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். அதைப் பார்த்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. கலசத்தின் ஞாபகமும் வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

மறுநாள் தெருவெல்லாம் திருவிழாக் கூட்டம். ஆற்றுப் பக்கம் வாகனம் விடவில்லை. நடந்து போய்த் திரும்பினால் விமானம் போய்விடும் என்று ஓட்டலில் சொன்னார்கள். வாசலில் கார் நின்றது. சேலைப் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது. தேநீர் கொடுக்கும் ஆள் ஒருவன் வாசலில் நின்று கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்குத் தெரிந்த நாலு ஹிந்திச் சொல்லில், இது அஸ்தி, கங்கையில் விட வேண்டும், கேதார கட்டம் என்றேன். அவன் விளங்கிக்கொண்டு தலையாட்டினான். கலசத்தைக் கொடுத்தேன். அவன் சட்டைப் பையில் சில நோட்டுகளைத் திணித்தேன். காரில் ஏறினேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஆற்றை நான் கண்ணாலும் காணவில்லை.

விமான நிலையக் கடையில் கங்கை நீர் அடைத்த சின்னச் செம்பு ஒன்று வாங்கினேன். விலை ஒட்டியைக் கழற்றிவிட்டேன். அதெல்லாம் மறக்கிற ஆள் நானில்லை. ஒஸ்லோவில் இறங்கி, அடுத்த நாளே டி-பான் ரயிலில் எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்தேன். நீங்கள் சட்டை மாற்றி, விபூதி பூசி, எனக்காகக் காத்திருந்தீர்கள். செம்பை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினீர்கள்.

"சொல்லும். முதலிலிருந்து சொல்லும்."

சொன்னேன். நான் சரக்கு விற்கிறவன், கதை சொல்ல வராதா? ஐயர் வந்தார், மந்திரம் சொன்னார், மெல்ல இறங்கினேன், மெல்ல விட்டேன், பூ மிதந்து போனது என்றேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். அது எனக்கு உற்சாகம் கொடுத்தது. "பின்னேரம் அண்ணை, நான் விடேக்கை, சூரியன் அப்பிடியே ஆத்துக்குள்ளை இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை முழுக்கச் சிவப்பு" என்றேன்.

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

"சூரியன் ஆத்துக்குள்ளையோ இறங்கினது?"

"ஓம் அண்ணை. செக்கச் செவேலெண்டு."

செம்பை மடியில் வைத்துத் திரும்பவும் கண்ணை மூடினீர்கள். களைப்பு என்று நினைத்தேன். பிறகு கேட்டீர்கள்: "அப்ப, என்னத்தை விட்டிட்டு வந்தனீர்?"

எனக்கு விளங்கவில்லை. காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்கு விருப்பமான காய் ஒன்றையோ பழம் ஒன்றையோ அங்கே விட்டுவிட்டு வருவார்கள், பிறகு சாகும்வரை அதைத் தொடமாட்டார்கள் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். "ஐயர் கேட்டிருப்பாரே" என்றீர்கள்.

"ஓம், கேட்டவர். கத்தரிக்காய்."

ஏன் அதைச் சொன்னேன் என்று பிறகு பலதரம் யோசித்திருக்கிறேன். அக்காவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம், நாக்கில் அவவின் பாற்கறி நின்றது, அது வாயில் வந்துவிட்டது. பொய்க்கு நான் எடுத்த கைமுதல், அவ போட்ட சோறு.

நீங்கள் மெல்லச் சிரித்தீர்கள். "பெரிய சாமானைத்தான் விட்டிருக்கிறீர்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் எனக்குக் கத்தரிக்காய் இல்லை. அது எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. என் வீட்டில் தின்றேன். கோயிலில் அன்னதானத்துக்கு இருந்தோமே, அதுதான் கஷ்டம். கறிச்சட்டியோடு வந்த பெண்பிள்ளையிடம் நீங்கள் உரக்கச் சொன்னீர்கள்: "பிள்ளை, அவருக்குக் கத்தரிக்காய் போடாதேங்கோ. காசியிலை விட்டவர்."

அந்தப் பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றது. "எட, முதலாளி காசிக்குப் போயிட்டு வந்தவரோ? அந்தப் புண்ணியத்தை எங்களுக்கும் கொஞ்சம் கழிவு விலையிலை தாருங்கோவன்."

பந்தி முழுக்கச் சிரித்தது. என் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். முதல் நாள் இரவுதான் அவள் எனக்குக் கத்தரிக்காய் பொரித்துக் கொடுத்திருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில், "கடையிலை பொய் சொல்லுறது தொழில், கோயிலிலையுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே உண்மையைச் சொல்ல நான் எல்லிங்ஸ்ருட்டுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று மறைக்காமல் சொல்கிறேன். முப்பது வருடமாக எனக்கு ஒரு பழக்கம்: மூட்டையில் பழுது இருந்தால், வாங்கியவர் திரும்பி வந்து சொல்லும்வரை நான் வாய் திறப்பதில்லை. வந்து சொன்னால் மறு பேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பேன். என் கடைக்கு நல்ல பெயர் வந்ததே அதனால்தான். நீங்கள் திரும்பி வந்து சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் கேட்டால் ஒப்புக்கொள்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் வந்தீர்கள். ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியிலிருந்து நேரே, கையில் பஞ்சு ஒட்டியபடி. நான் பின்னறையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய்ப் பாற்கறி. அக்காவின் கைப்பக்குவத்தை என் மனைவி கேட்டுப் பழகியது, வெந்தயம் போட்டது. கதவைத் திறந்ததும் உங்களுக்கு வாசம் அடித்திருக்கும். உங்கள் வீட்டு வாசம் அது. என் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிட்டது.

நீங்கள் பெட்டிக்குள் பார்த்தீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். வந்து அரிசி மூட்டையின் மேல் மெல்லக் குந்தினீர்கள்.

"உருளைக்கிழங்குக் கறியோ?"

நான் பெட்டியைக் குனிந்து பார்த்தேன்.

"நல்ல வாசம். சாப்பிடும், ஆறப்போகுது."

நான் சாப்பிட்டேன், அண்ணை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவ்வளவையும் சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் இறங்கியது எனக்குத் தெரியும். நீங்கள் அரிசி விலை கூடியதைப் பற்றிக் கதைத்தீர்கள், பஸ் பிந்தியதைப் பற்றிக் கதைத்தீர்கள். எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தின் வாசலில் நீங்களே காவலுக்கும் இருந்தீர்கள். நான் வெளியே வந்திருக்கலாம். உள்ளேயே இருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பேசியது போன மாரியில். ஜன்னலுக்கு வெளியே பனி. நீங்கள் பேப்பர்கள் வைத்த கோப்பு ஒன்றை என் பக்கம் தள்ளினீர்கள்.

"என்னை இஞ்சத்தைக் கடலிலை விடும். பேப்பர் எல்லாம் நிரப்பி வைச்சிருக்கிறன். கையெழுத்து மட்டும் உம்மடை."

"என்ன கதை அண்ணை இது. நான் காசிக்குக் கொண்டுபோறன். அக்காவுக்குப் பக்கத்திலை..."

அந்தச் சொல் பாதியில் நின்றது. நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அப்போதே காலில் விழுந்திருப்பேன். இல்லை. களைத்த மனிதர் இன்னொரு களைத்த மனிதரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தீர்கள்.

"வேண்டாம் முதலாளி. காசியிலை உமக்கு அலுவல் கனக்க இருக்கும்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. காசியையே மனதில் வைத்து வாழ்ந்த மனிதர் காசி வேண்டாம் என்றது என்னால். என் கையில் இன்னொருமுறை தர உங்களுக்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

பத்து நாளில் போய்விட்டீர்கள். சின்னப் படகில் போய், நீங்கள் எழுதி வைத்த இடத்தில், நான்தான் விட்டேன். கை விறைத்தது. மெல்லத்தான் விட்டேன். அது யாருக்குச் செய்ய வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் காசிக்குப் போனேன். சேலை எடுக்க இல்லை. பெட்டியே கொண்டுபோகவில்லை, தோளில் ஒரு பை மட்டும். விடியப் புறப்பட்டுக் கேதார கட்டத்துப் படியில் போய் இருந்தேன். சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட படிகள், நீங்கள் சொன்ன மாதிரியே. சுற்றிவரத் தமிழும் தெலுங்கும் கேட்டது. எதிரே பார்த்தேன். ஒரு வீடில்லை. வெறும் மணல். அந்த மணலுக்கு மேலே சூரியன் எழும்பி வந்தது.

பின்னேரமும் அதே படியில் இருந்தேன். சூரியன் எனக்கு முதுகுப் பக்கம், ஊருக்குப் பின்னால், கோபுரங்களுக்கும் மாடி வீடுகளுக்கும் பின்னால் போய் மறைந்தது. ஆற்றில் வெறும் நிழல்தான் விழுந்தது. அந்த ஊரில் இருந்து ஆற்றுக்குள் சூரியன் இறங்குவதை ஒருவரும் பார்க்க முடியாது. படித்துறைகளை வரிசையாய்ச் சொல்லுகிற மனிதரிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறேன். அந்த நிமிடமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான், என்னத்தை விட்டனீர் என்று கேட்டீர்கள். நான் திரும்பி வர ஒரு வழி திறந்து பார்த்தீர்கள் போல. நான் அதற்குள்ளும் ஒரு பொய்யை வைத்தேன்.

படியில் ஒரு ஐயர் வந்து பக்கத்தில் குந்தினார். காசியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் ஐயராம், ஐந்து தலைமுறை. "எதை விடப்போறேள்?" என்று கேட்டார்.

"கத்தரிக்காய்."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஊருக்குப் போனப்புறம் நாக்கு கேக்கும்."

"ஏழு வருசமா யோசிச்சனான் ஐயா."

அவருக்கு விளங்கவில்லை. மந்திரம் சொன்னார். நான் தண்ணீரில் முழங்கால் அளவு இறங்கினேன்.

பிறகு அந்த ஓட்டலைத் தேடிப் போனேன். ஓட்டல் இருக்கிறது. ஆட்கள் எல்லாம் புதுசு. தேநீர் கொடுத்த ஆளா, எந்த ஆள், பெயர் என்ன என்று கேட்டார்கள். பெயர் எனக்குத் தெரியாது. அந்தப் பயணத்தில் சேலை வாங்கிய எல்லா வீட்டுக்காரரின் பெயரும் அவர்களின் மகன்மாரின் பெயரும் இன்றைக்கும் எனக்குத் தெரியும். அவன் பெயரை நான் கேட்கவில்லை.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, இன்று வியாழக்கிழமை, கத்தரிக்காயைத் தட்டில் அடுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். விற்கிறேன், தின்பதில்லை. மனைவி கறியை மாற்றிவிட்டாள். வாசம் அடிக்கும்போது நாக்கு கேட்கிறது, ஐயர் சொன்ன மாதிரி. கேட்கட்டும்.

நீங்கள் கேட்காமல் விட்டதற்குப் பதில் இதுதான், அண்ணை: அக்கா எங்கே இருக்கிறா என்று எனக்குத் தெரியாது. ஆற்றில் இருக்கலாம். அந்த ஓட்டலின் பின்பக்கத்தில் ஏதாவது மூலையில் இருக்கலாம். மெல்ல விடச் சொல்லி நீங்கள் சொன்னதை அவனிடம் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் கண்டேன். ஆளைக் கையைப் பார்த்துத்தான் நான் எடை போடுவேன், அது தொழிலில் வந்த பழக்கம். கார் புறப்படுகிற அவசரத்திலும் என் கண் அவன் கையில்தான் இருந்தது. நான் கலசத்தை நீட்டியபோது அவன் உடனே வாங்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். ஈரக் கை இரண்டையும் தன் சட்டையில் ஒருமுறை துடைத்தான், திருப்பி இன்னொருமுறை துடைத்தான். பிறகுதான் இரண்டு கையையும் நீட்டினான்.